எந்த வயிறு? குதிரை வளர்ப்பில் ‘ஹாஃப் பிரதர்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ளும் வழி

2010 ஆகஸ்ட், இங்கிலாந்தின் நியூமார்க்கெட் மைதானம். முதன்முதலாக ரேஸில் இறங்கிய இரண்டு வயதுக் குதிரைகளில் ஃபிராங்கல் முதலாவதாக வந்தது. அரை உடல் நீளம் பின்னால் நத்தானியேல். ஃபிராங்கல் அதற்குப் பிறகும் தோற்கவே இல்லை. 14 ரேஸ் ஓடி 14-லும் வென்று ஓய்வு பெற்றது. நத்தானியேலும் லேசுப்பட்டதல்ல. அடுத்த ஆண்டே ஆஸ்காட்டில் கிங் ஜார்ஜ் ரேஸை வென்றது. இரண்டும் 2008-ல் பிறந்தவை. இரண்டுக்கும் தகப்பன் கலிலியோ.

அப்படியானால் இரண்டும் அண்ணன் தம்பி முறைதானே? தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் ‘ஹாஃப் பிரதர்’ என்று சொல்லலாமே? புதிதாகக் குதிரை பார்க்க வருகிற எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். குதிரைக்காரர்களிடம் கேட்டால் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஃபிராங்கலும் நத்தானியேலும் ஒரே சயரின், அதாவது ஒரே தகப்பன் குதிரையின் குட்டிகள், அவ்வளவுதான். அவர்கள் வழக்கில் அது சகோதர உறவே அல்ல.

இந்த ஒரு சொல் புரிந்துவிட்டால் ஏலக் கேட்டலாக், ரேஸ் கார்டு, குதிரை விற்பவர் பேச்சு எல்லாமே தெளிவாகிவிடும். புரியாவிட்டால் தப்பான குதிரைக்குத் தப்பான விலை கொடுக்க நேரும். அதனால் அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகப் போகலாம். இங்கே பேசுவது தரோபிரெட் என்ற ரேஸ் குதிரை இனத்தைப் பற்றி. வேறு இனங்களில் வழக்கு கொஞ்சம் மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு பெயர்களில் எது தகப்பன், எது தாய்?

குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள் இருக்கும். நம் ஊர் ரேஸ் கார்டுகளிலும், நாளிதழ்களின் ரேஸ் பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போட்டு அச்சிட்டிருப்பார்கள். முதலில் வருவது எப்போதும் தகப்பன். அதற்குச் சயர் என்று பெயர். இரண்டாவது தாய், அதாவது டாம். ஃபிராங்கல் என்றால் (கலிலியோ – கைண்ட்).

இதையே வாக்கியமாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்களை வைத்திருக்கிறார்கள். தகப்பனுக்கு ‘பை’, தாய்க்கு ‘அவுட் ஆஃப்’. ஃபிராங்கல், பை கலிலியோ, அவுட் ஆஃப் கைண்ட். இந்த இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது. ‘அவுட் ஆஃப் கலிலியோ’ என்று ஒருவர் சொன்னால், கேட்கிற குதிரைக்காரருக்கு அவர் புதியவர் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். ஆண் குதிரையின் வயிற்றிலிருந்து குட்டி எப்படி வெளியே வரும்?

நமக்கு இதைக் கற்றுக்கொள்வது சுலபம். தமிழில் ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறோம். ‘தசரதனுக்குக் கோசலையின் வயிற்றில் பிறந்தவன் ராமன்’ என்கிறோம். அந்தக் ‘கு’ உருபுதான் ‘பை’. அந்த ‘வயிற்றில்’தான் ‘அவுட் ஆஃப்’. கலிலியோவுக்குக் கைண்டின் வயிற்றில் பிறந்தது ஃபிராங்கல். இந்த அச்சில் வார்த்துப் பழகிக்கொண்டால் எந்தப் பரம்பரை வரியிலும் தடுமாற மாட்டீர்கள்.

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பக்கம் ‘அவுட் ஆஃப்’ என்பதற்குப் பதில் ‘எக்ஸ்’ என்று போடுவார்கள். பொருள் அதேதான்.

இரண்டாம் படி: வயிற்றைக் கேளுங்கள்

இப்போது விதி. ஒரே டாம், வேறு வேறு சயர் என்றால் ஹாஃப் பிரதர் அல்லது ஹாஃப் சிஸ்டர். ஒரே சயர், வேறு வேறு டாம் என்றால் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் விதி. ஆனால் மனிதக் குடும்பத்தில் நாம் பழகியதற்கு இது நேர் எதிராக இருப்பதால் மனத்தில் பதிய நேரம் எடுக்கும். நம் வீடுகளில் மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்றுதான் கேட்டிருப்போம். அங்கே பொதுவானவர் அப்பா.

பதிய வைக்க நமக்குத் தெரிந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், உறவு முறையை விளக்குவதற்காக மட்டும். ராமனும் பரதனும் தசரதனின் மக்கள், தாயர் வேறு. குதிரை வழக்கில் இவர்களுக்கு ஹாஃப் பிரதர் என்ற பெயர் கிடையாது. இலக்குவனும் சத்துருக்கனனும் சுமித்திரையின் வயிற்றில் தசரதனுக்கே பிறந்தவர்கள், ஆகவே முழுச் சகோதரர்கள். பாரதத்துக்கு வாருங்கள். கர்ணன் சூரியனுக்கு, தருமன் தருமதேவனுக்கு, பீமன் வாயுவுக்கு, அர்ச்சுனன் இந்திரனுக்கு. நால்வரும் குந்தியின் வயிறு. இந்த நால்வர்தான் குதிரைக்காரர் சொல்கிற ஹாஃப் பிரதர்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘சகோதரன்’ என்று தினமும் சொல்கிறோமே, அந்த வடசொல்லுக்குள் உதரம் இருக்கிறது. உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றைப் பகிர்ந்தவன் என்பதுதான் சகோதரனின் நேர்ப்பொருள். குதிரை வளர்ப்பவர்கள் அந்தப் பழைய பொருளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, ஏன் இப்படி? காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. பெண் குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள், அதாவது பதினோரு மாதம். ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி. இரட்டைக் கரு தங்கினால் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஆபத்து என்பதால் மருத்துவர் தொடக்கத்திலேயே ஒன்றை நீக்கிவிடுவார். ஆக ஒரு தாய்க்குதிரை வாழ்நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு குட்டி ஈன்றாலே பெரிது. பெயர் பெற்ற பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் நூற்றைம்பது பெட்டைகளுக்கு மேல் சேரும். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் கூடாது, நேரடியாகச் சேர்த்தால்தான் குட்டியைப் பதிவேட்டில் ஏற்பார்கள், அப்படியிருந்தும் இவ்வளவு. தகப்பன் வழியையும் சகோதர உறவு என்று கணக்கு வைத்தால் அப்படிப்பட்ட பொலிகுதிரையின் ஒவ்வொரு குட்டிக்கும் ஆண்டுதோறும் நூறு தம்பி தங்கைகள் பிறந்துகொண்டே இருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

இரண்டாவது காரணம் பதிவேடு. ஜெனரல் ஸ்டட் புக் என்ற இங்கிலாந்துப் பதிவேட்டின் முதல் தொகுதி 1793-ல் வந்தது. அதில் தாய்க்குதிரையின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அதன் கீழே அது ஈன்ற குட்டிகளை ஆண்டு வாரியாக எழுதினார்கள். ஒரு தலைப்பின் கீழ் வருபவை ஒரு குடும்பம். பதிவேட்டின் அமைப்பும் பேச்சு வழக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியரான ப்ரூஸ் லோ இந்தத் தாய்வழிகளை ஆதித் தாய்வரை பின்தொடர்ந்து, டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் என்ற இங்கிலாந்தின் பெரிய ரேஸ்களில் பெற்ற வெற்றிகளின் கணக்கில் அவற்றுக்கு எண் கொடுத்தார். இன்றும் ‘ஃபேமிலி நம்பர்’ என்று பேசுவது அதைத்தான்.

உயிரியல் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால் மரபணுக் கணக்கில் இரண்டு பக்கமும் சமம். தாய் வழியில் பாதி உறவானாலும் தகப்பன் வழியில் பாதி உறவானாலும் சராசரியாக 25 சதவீதம்தான் பொது. தாய் கூடுதலாகக் கொடுப்பது வேறு சில. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும். பதினோரு மாதம் வளர்ந்த கருப்பை அவளுடையது. பால் மறக்கும்வரை ஐந்தாறு மாதம் குட்டி அவள் காலடியில்தான் நிற்கும். எப்படி நடப்பது, எதைக் கண்டு மிரள்வது, யாரை நம்புவது எல்லாம் அவளிடம் கற்றது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் வளர்ப்பவர்களும் நம்புகிறார்கள். ஆனால் ஹாஃப் பிரதர் என்ற சொல் அறிவியல் சொல் அல்ல, தொழில் சொல். இதை மறக்க வேண்டாம்.

வயது இடைவெளி இதில் பொருட்டே அல்ல. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் ரேஸ்களையும் வென்ற செக்ரட்டேரியட் 1970-ல் பிறந்தது, சம்திங்ராயல் என்ற தாய்க்கு. அதே தாய் 1959-ல் ஈன்ற சர் கேலார்ட் 1962 கென்டக்கி டெர்பியில் வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்த குதிரை. காயம்பட்டு ஓடாமல் போனது. ஒன்றுக்குத் தகப்பன் போல்டு ரூலர், மற்றதற்கு டர்ன்-டூ. நடுவே பதினோரு ஆண்டு. ஆனாலும் ஹாஃப் பிரதர்கள்.

மூன்றாம் படி: முழு, அரை, முக்கால்

சயர், டாம் இரண்டும் ஒன்று என்றால் ஃபுல் பிரதர். ‘ஓன் பிரதர்’ என்றும் சிலர் சொல்வார்கள். வெறுமனே ‘பிரதர்’ என்று எழுதியிருந்தாலும் முழுச் சகோதரன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்கலுக்கு ஒரு வயது இளையது நோபிள் மிஷன். கலிலியோவுக்குக் கைண்டின் வயிற்றிலேயே பிறந்தது. ஃபிராங்கல் தன் கடைசி ரேஸாக 2012-ல் வென்ற அதே சாம்பியன் ஸ்டேக்ஸை நோபிள் மிஷன் 2014-ல் வென்றது.

இனிக் கொஞ்சம் கவனம் தேவை. ஃபிராங்கலுக்கு ஒரு வயது மூத்தது புல்லட் ட்ரெய்ன். ஃபிராங்கல் ஓடிய பல ரேஸ்களில் முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுத்த குதிரை அது. தாய் கைண்ட்தான். தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ். ஆனால் சாட்லர்ஸ் வெல்ஸ் யார்? கலிலியோவின் தகப்பன். அதாவது ஒரே தாய், சயர்கள் இரண்டும் அப்பனும் மகனும். இப்படி வந்தால் அரை என்று சொல்லாமல் ‘த்ரீ-பார்ட்ஸ் பிரதர்’ என்பார்கள். முக்கால் சகோதரன்.

ஏன் முக்கால் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முழுச் சகோதரர்களுக்குள் பொது மரபணு சராசரி 50 சதவீதம். அரைக்கு 25. ஒரே தாயோடு, சயர்கள் அப்பன் மகனாகவோ முழுச் சகோதரர்களாகவோ இருந்தால் அந்த 25-உடன் இன்னொரு 12.5 சேரும். மொத்தம் 37.5. அது 50-ல் முக்கால். பெயர் கணக்கோடு சரியாக ஒத்துப் போகிறது. சயர்கள் தங்களுக்குள் அரைச் சகோதரர்களாக மட்டும் இருந்தால் முக்கால் வராது, 31.25-தான் வரும். அப்போதும் முக்கால் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

சயர்கள் முழுச் சகோதரர்களாக இருக்கும் வகைக்கும் பாரதத்தில் எடுத்துக்காட்டு இருக்கிறது. நகுலனும் சகாதேவனும் மாத்ரியின் வயிறு. அசுவினி தேவர் இரட்டையரில் ஒருவருக்கு ஒருவராகப் பிறந்தவர்கள் என்று கொண்டால் முக்கால் முறை. விராடன் அரண்மனையில் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவன் நகுலன் என்பதும் நினைவுக்கு வருகிறது.

பாலினம் பற்றி ஒரு சிறு குறிப்பு. பிரதரா சிஸ்டரா என்பது எந்தக் குதிரையைப் பற்றிப் பேசுகிறோமோ அதன் பாலைப் பொறுத்தது. காயடித்த ஆண் குதிரை, அதாவது கெல்டிங், அதுவும் பிரதர்தான்.

நான்காம் படி: கேட்டலாக் பக்கத்தை மேலிருந்து கீழே படிப்பது

ஏலக் கேட்டலாக்கில் ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். 1766-ல் தொடங்கிய இங்கிலாந்து ஏல நிறுவனமான டாட்டர்சால்ஸ் ஆனாலும் அமெரிக்காவின் கீன்லாண்ட் ஆனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே மரம் போல விரியும் பரம்பரை அட்டவணை: மேல் பாதி சயர் வழி, கீழ்ப் பாதி டாம் வழி. அதன் கீழே சயரைப் பற்றி இரண்டு மூன்று வரி. அப்புறம் பக்கம் முழுவதும் தாய்வழிதான். ‘ஃபர்ஸ்ட் டாம்’ என்றால் குதிரையின் தாய். ‘செகண்ட் டாம்’ தாயைப் பெற்ற பாட்டி. ‘தேர்டு டாம்’ பாட்டியின் தாய்.

ஃபர்ஸ்ட் டாம் பத்தியில் வரும் குட்டிகள் எல்லாம் உங்கள் குதிரைக்கு உடன்பிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் சயர் பெயர் இருக்கும். அதை உங்கள் குதிரையின் சயரோடு ஒப்பிட்டால் முழுதா, அரையா, முக்காலா என்று தெரிந்துவிடும்.

உலகின் தலைசிறந்த தாய்க்குதிரைகளில் ஒன்றை வைத்துப் பார்ப்போம். அர்பன் சீ. 1993-ல் பாரிஸின் லோங்ஷாம்ப் மைதானத்தில் ஆர்க் ரேஸை வென்றது. அது ஈன்றவற்றில் சில: கலிலியோ (சாட்லர்ஸ் வெல்ஸ்), பிளாக் சாம் பெல்லமி (சாட்லர்ஸ் வெல்ஸ்), ஆல் டூ பியூட்டிஃபுல் (சாட்லர்ஸ் வெல்ஸ்), மை டைஃபூன் (ஜயண்ட்ஸ் காஸ்வே), சீ த ஸ்டார்ஸ் (கேப் கிராஸ்), பார்ன் டு சீ (இன்வின்சிபிள் ஸ்பிரிட்). கலிலியோ 2001-ல் டெர்பி வென்றது. சீ த ஸ்டார்ஸ் 2009-ல் டூ தவுசண்ட் கினீஸ், டெர்பி, ஆர்க் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. தாய் வென்ற ஆர்க்கை மகனும் வென்ற அந்த ஆண்டில் அர்பன் சீ உயிரோடு இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் கடைசிக் குட்டியை ஈன்றபின் இறந்துவிட்டது. அந்தக் கடைசிக் குட்டிதான் பார்ன் டு சீ.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கலிலியோவும் பிளாக் சாம் பெல்லமியும்? முழு. கலிலியோவும் சீ த ஸ்டார்ஸும்? அரை. கலிலியோவுக்கு ஆல் டூ பியூட்டிஃபுல்? முழுச் சகோதரி. சீ த ஸ்டார்ஸுக்கு மை டைஃபூன்? அரைச் சகோதரி.

செகண்ட் டாம் பத்திக்கு இறங்குங்கள். அர்பன் சீயின் தாய் அலெக்ரெட்டா. அது கிங்மாம்போவுக்கு ஈன்ற கிங்ஸ் பெஸ்ட் 2000-ல் டூ தவுசண்ட் கினீஸ் வென்றது. அர்பன் சீயின் தகப்பன் மிஸ்வாக்கி, ஆகவே இரண்டும் அரை உடன்பிறப்பு. கேட்டலாக் இதை ‘டாமின் ஹாஃப் பிரதர்’ என்று சுற்றி வளைத்துச் சொல்லும். நமக்கு ஒரே சொல் போதும்: தாய்மாமன். ஒன்பது ஆண்டு கழித்து அதே ரேஸை வென்ற சீ த ஸ்டார்ஸ் மருமகன். செகண்ட் டாம் பத்தி என்பது தாய்மாமன்களும் சித்தி, பெரியம்மாக்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிற பத்தி என்று நினைத்துக்கொண்டால் தலை சுற்றாது.

அதே சமயம், கேட்டலாக்கில் வராத உறவும் உண்டு. சீ த ஸ்டார்ஸ் கலிலியோவின் தம்பி முறை, ஃபிராங்கல் கலிலியோவின் மகன். நம் கணக்கில் சீ த ஸ்டார்ஸ் ஃபிராங்கலுக்குச் சித்தப்பா. ஆனால் ஃபிராங்கலின் தாய்வழிப் பத்திகளில் சித்தப்பாவைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பத்திகள் கைண்ட், அதன் தாய், அதன் பாட்டி என்று பெண்வழியில் மட்டும் இறங்கிப் போகும்.

பக்கத்தில் சில பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். அதற்கு ‘பிளாக் டைப்’ என்று பெயர். பெரிய எழுத்தில் தடித்திருந்தால் குரூப் அல்லது லிஸ்டட் என்ற உயர்தர ரேஸை வென்றது. சிறிய எழுத்தில் தடித்திருந்தால் அத்தகைய ரேஸில் இரண்டாவது, மூன்றாவது இடம் போல வந்தது. கண் முதலில் இவற்றுக்குத்தான் ஓடும். ஓடட்டும். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். தடித்த எழுத்து ஃபர்ஸ்ட் டாம் பத்தியில் இருப்பதற்கும் தேர்டு டாம் பத்தியில் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இன்னொன்று, எதுவும் வெல்லாத குட்டிகளின் பெயர் பக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறாது. தாய் மொத்தம் எத்தனை குட்டி ஈன்றாள், ரேஸ் வயதுக்கு வந்தவை எத்தனை, அவற்றில் வென்றவை எத்தனை என்று கேளுங்கள். ஒன்பதில் ஒன்று வென்றதும் மூன்றில் ஒன்று வென்றதும் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: பெயர் ஒன்று, குதிரை ஒன்றுதானா?

ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு குதிரைகள் இருக்கும். நாம் பேசிய கலிலியோ அயர்லாந்தில் பிறந்தது. 2002-ல் செல்டனத்தில் தடை தாண்டும் ரேஸ் ஒன்றை வென்ற கலிலியோ போலந்தில் 1996-ல் பிறந்தது. ரத்த சம்பந்தமே கிடையாது. அதனால்தான் பெயருக்குப் பின்னால் நாட்டைக் குறிக்கும் சுருக்கெழுத்தும், பிறந்த ஆண்டும் போடுகிறார்கள். தாயின் பெயரைச் சரிபார்க்கும்போது இது இன்னும் முக்கியம். பெயர், நாடு, ஆண்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் அதே வயிறு.

ஆறாம் படி: விற்பவர் சொல்லும்போது என்ன கேட்பது

ஹாஃப் பிரதர் என்ற சொல் விலையை ஏற்றும். எவ்வளவு ஏற்றும் என்பதற்கு 1985 ஜூலை கீன்லாண்ட் ஏலத்தைச் சொல்லலாம். 1977-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் ரேஸ்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூவை ஒரு வயதுக் குட்டியாக 17,500 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். அதன் தாய் மை சார்மர் பின்னாளில் ஈன்ற ஒரு வயதுக் குட்டி அந்த ஏலத்தில் 1 கோடியே 31 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு வயதுக் குட்டிக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. சியாட்டில் டான்சர் என்று பெயர் வைத்தார்கள். அயர்லாந்தில் இரண்டு குரூப் ரேஸ் வென்றது. நல்ல குதிரைதான். ஆனால் போட்ட பணத்தில் சிறு துளியைக்கூட அது ஓடிச் சம்பாதிக்கவில்லை. மலிவு விலைக்குப் போன அண்ணன் ராஜாவானது, ராஜா விலைக்குப் போன தம்பி ஆகவில்லை. உடன்பிறப்பு என்பது ஒரு நல்ல அறிகுறி, உத்தரவாதம் அல்ல. 25 சதவீதம் பொது என்றால் 75 சதவீதம் பொதுவாக இல்லாமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்?

ஆகவே ஒருவர் ‘இது இன்ன சாம்பியனின் தம்பி’ என்றால் உடனே கேட்க வேண்டியது: தாய் பெயர் என்ன? சாம்பியனின் தாயும் அதேதானா என்று பார்த்துவிட்டு, இரண்டு சயர்களையும் கேளுங்கள். ‘அதே சயர்ங்க’ என்று மட்டும் பதில் வந்தால், உலகில் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு உள்ள தகுதிதான் இதற்கும் இருக்கிறது. ‘அதே ஃபேமிலி’ என்று சொன்னால், எத்தனையாவது டாமில் சந்திக்கிறார்கள் என்று கேளுங்கள். நான்காம் ஐந்தாம் தலைமுறையில் என்றால் அது ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தம். சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, பதிவேடு இருக்கிறது. இந்தியாவில் பிறக்கும் தரோபிரெட் குட்டிகளின் பெற்றோர் விவரம் ஸ்டட் புக் அதாரிட்டி ஆஃப் இந்தியாவின் பதிவில் கிடைக்கும்.

நீங்கள் எழுதும்போதும் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். சயர் மட்டும் பொதுவானால் ‘ஒரே சயரின் குட்டிகள்’ என்று எழுதுங்கள். உறவு சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘தகப்பன் வழி அரை உடன்பிறப்பு’ என்று முழுதாக எழுதுங்கள். ‘தகப்பன் வழி’ என்பதை விட்டுவிட்டால் படிப்பவர் தாய் வழி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தரோபிரெட்டுக்கு வெளியே

மரபியல் ஆய்வுக் கட்டுரைகளில் அரை உடன்பிறப்பு என்றால் இரண்டு பக்கமும் சேரும். மாட்டுப் பண்ணை ஆய்வில் பெரும்பாலும் ஒரே காளையின் கன்றுகளைத்தான் குறிக்கும். அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் செயற்கைக் கருவூட்டலும் கரு மாற்றமும் அனுமதி உண்டு. ஒரே தாய்க்கு ஒரே ஆண்டில் பல குட்டிகளை வாடகை வயிற்றில் வளர்த்து எடுக்க முடியும். அங்கே ‘ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒன்று’ என்ற அடிப்படையே மாறிவிடுகிறது. அந்த இனங்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கே மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைப் பார்ப்பார்கள். அங்கே கேட்டலாக் பக்கம் எல்லாம் கிடைக்காது. ஆனால் கொங்கு நாட்டில் மாடு வளர்க்கும் பெரியவர்கள் பூச்சிக்காளை எனப்படும் பொலிகாளையின் பெருமையைக் கேட்டுவிட்டு, அடுத்ததாகத் தாய்ப்பசு எப்படி என்று விசாரிப்பார்களே, அந்தப் பழக்கத்தைக் குதிரைக்கும் கொண்டு போகலாம். தாய் பக்கத்தில் எங்காவது கட்டியிருந்தால் போய்ப் பாருங்கள். அவள் முன்பு ஈன்றவை இப்போது எங்கே, எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள்.

கடைசிப் படி: ஒரு பயிற்சி

மை சார்மரிடமே திரும்புவோம். அது ஈன்ற மூன்று குதிரைகள்: சியாட்டில் ஸ்லூ (போல்டு ரீசனிங்), 1983-ல் டூ தவுசண்ட் கினீஸ் வென்ற லோமண்ட் (நார்தர்ன் டான்சர்), அப்புறம் சியாட்டில் டான்சர் (நிஜின்ஸ்கி). ஒன்றுக்கொன்று என்ன முறை? ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றுக்கும் வயிறு ஒன்று. சயர்கள் மூன்று. எல்லாம் அரை என்று எழுதியிருப்பீர்கள். சியாட்டில் ஸ்லூவைப் பொறுத்தவரை அது சரி. மற்ற இரண்டும் அதற்கு ஹாஃப் பிரதர்கள். ஆனால் நிஜின்ஸ்கியின் தகப்பன் யார் என்று பார்த்தீர்களா? நார்தர்ன் டான்சர். ஆகவே லோமண்டும் சியாட்டில் டான்சரும் தங்களுக்குள் முக்கால் சகோதரர்கள்.